நாய்க்கு வீடு பார்ப்பது: கடலூர், புதுச்சேரிப் பக்கத்து அனுபவக் குறிப்புகள்

தெருவில் நாயைப் பார்த்ததும் இரக்கப்பட்டுத் தூக்கிக்கொண்டு வருவதை முதலில் நிறுத்த வேண்டும். மஞ்சக்குப்பத்திலோ முத்தியால்பேட்டைச் சந்திலோ நாலு வீட்டுச் சோறு தின்று, காதில் கருத்தடை வெட்டுக்குறியோடு திரியும் நாய்க்கு அந்தத் தெருவே வீடு. 2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. அதைத் தூக்கி வந்து அடைத்தால், அந்த இடத்துக்குக் கருத்தடை ஆகாத வேறொரு நாய் வந்து சேரும். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலைய வளாகங்களுக்கு மட்டும் உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் வேறு மாதிரி உத்தரவிட்டிருக்கிறது. அங்கே பிடிக்கும் நாயைத் திரும்ப அங்கேயே விட முடியாது. அப்படிப்பட்ட நாய்களுக்கு வீடு கிடைத்தால் நல்லதுதான். தெரு நாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம், ஆனால் அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது அவர் பொறுப்பு என்று அதே நீதிமன்றத்தின் 2025 ஆகஸ்ட் 22 உத்தரவு சொல்கிறது.

உண்மையிலேயே வீடு தேவைப்படுபவை வேறு. சாக்கில் கட்டி இறைச்சிக்கடை ஓரம் போட்டுவிட்டுப் போன குட்டிகள், அதிலும் பெரும்பாலும் பெட்டைக் குட்டிகள். காலை இழந்து தெருவில் சமாளிக்க முடியாதவை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியிலிருந்து இறக்கி விடப்பட்ட லாப்ரடார், பக், பொமரேனியன் வகையறா. இவை வீட்டில் வளர்ந்தவை, தெருவில் இரை தேடத் தெரியாது, மற்ற நாய்களோடு பேசத் தெரியாது. கடைசியாக, விற்பனைக்குக் குட்டி போட வைத்து, இனி ஆகாது என்று ஒதுக்கப்பட்ட கூண்டு நாய்கள்.

சாக்கில் போட்டது அல்ல என்றால் குட்டிகளைப் பார்த்தவுடன் எடுக்கக் கூடாது. தாய் இரைக்குப் போயிருக்கும். எட்ட நின்று சில மணி நேரம் கவனிக்கலாம். நிற்க முடியாதவர் குட்டிகளைச் சுற்றிக் கொஞ்சம் கோலமாவு தூவிவிட்டுப் போய் வந்து, அதில் காலடி விழுந்திருக்கிறதா என்று பார்க்கலாம். வயிறு உருண்டையாக, உடம்பு சூடாக, சத்தமில்லாமல் தூங்கும் குட்டிக்குத் தாய் இருக்கிறாள். ஒட்டிய வயிறும் சில்லிட்ட உடம்பும் விடாத முனகலும் இருந்தால்தான் கை வைக்க வேண்டும். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்த குட்டி, எவ்வளவு கடிக்கலாம், எப்போது விட வேண்டும் என்பதைக் கற்காமல் வளரும். பிறகு வீட்டில் குழந்தைகளைக் கடிக்கிறது என்று திரும்பி வருவது பெரும்பாலும் அந்தக் குட்டிதான்.

கண் திறக்காத குட்டியைக் காப்பாற்ற நினைத்தால் சூடு முதலில், பால் பிறகு. உடம்பு சில்லென்று இருக்கும்போது பால் ஊட்டினால் செரிக்காது. முதல் வாரக் குட்டிக்குப் பெட்டிக்குள் 30 டிகிரி செல்சியஸையொட்டிய சூடு வேண்டும். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் வைக்க வேண்டும், சூடு அதிகமானால் குட்டி விலகிப் படுக்க மறு மூலை காலியாக இருக்க வேண்டும். பசும்பால் கழிச்சலில் கொண்டுபோய் விடும். நாய்க்குட்டிக்கென்றே விற்கும் பால் பவுடரைக் கரைத்து, முதல் இரண்டு வாரம் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும் கொடுக்க வேண்டும். குழந்தையைப் போல மல்லாக்கப் பிடித்து ஊட்டினால் பால் நுரையீரலில் இறங்கிவிடும். வயிறு தரையில் படக் குப்புறக் கிடத்தி, தலையை மட்டும் லேசாகத் தூக்கி ஊட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் அடிப்பகுதியைத் தடவிவிட்டால்தான் சிறுநீரும் மலமும் வரும், தாய் நக்கிச் செய்யும் வேலை அது. சமையலறைத் தராசில் தினமும் எடை பார்த்தால் போதும். ஒரு நாள் எடை ஏறாமல் நின்றாலே மருத்துவரிடம் போக வேண்டும்.

வளர்ந்த நாயைப் பிடிக்கப் போகிறவர் முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்க வேண்டும்: 0 (முதல் ஊசி போடும் நாள்), 7, 21 அல்லது 28-ஆம் நாள் என மூன்று ஊசி. பிறகு கடிபட்டால் 0, 3-ஆம் நாள்களில் இரண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் என்ற, காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்புப் பொருள் ஊசி வேண்டாம். முன்பு போடாதவர் கடிபட்டால், காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கையில் மேலாகப் பட்ட கீறல்தானே, குட்டிதானே என்று விடுவதுதான் இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்குத் தடுப்பூசியே போட்டிருக்காது. அதன் தாய்க்கு என்ன நோய் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்று: தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் நிற்கும் நாயைப் பார்த்ததும் தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கிறது என்று வாய்க்குள் கை விடுகிறார்கள். வெறிநோயின் முடங்கிய வகை இப்படித்தான் தொடங்கும், அந்த நாய் சீறாது, துரத்தாது. குரல் மாறியிருந்தாலும் நடை தள்ளாடினாலும் கை வைக்காமல் கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

அடிபட்ட நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் வலியில் கடிக்கும். இரண்டு அங்குல காஸ் பேண்டேஜை மூக்கின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, தாடைக்குக் கீழே குறுக்காக மாற்றி, காதுகளுக்குப் பின்னால் சுருக்கு முடிச்சாகப் போட்டால் வாய்க்கட்டு தயார். ஓரிரு நிமிடத்துக்கு மேல் கட்டி வைக்கக் கூடாது. வாந்தி எடுக்கிற நாய்க்கும், மூச்சிரைக்கிற நாய்க்கும், பக் போன்ற சப்பை மூக்கு நாய்க்கும் கட்டவே கூடாது. தூக்க ஒரு சணல் சாக்கோ பழைய போர்வையோ போதும்.

ஊர் எல்லையைத் தெரிந்து வைத்துக்கொள்வதும் நல்லது. கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம், அதைத் தாண்டினால் புதுச்சேரி. தெற்கே கன்னியக்கோயில், முள்ளோடை வரை புதுச்சேரி, அதற்கு அப்பால் கடலூர் மாவட்டம். கருத்தடைக்கோ புகாருக்கோ எந்த உள்ளாட்சி என்று கேட்பார்கள், எடுத்த இடத்தைப் படத்தோடு குறித்து வைத்தால் அலைச்சல் மிச்சம். புதுச்சேரியில் குருமாம்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கடலூர்ப் பக்கத்திலிருந்தும் சிக்கலான அறுவைச் சிகிச்சை என்றால் அங்கேதான் ஓட வேண்டியிருக்கும்.

வந்த நாயை நேராக மற்ற நாய்களோடு விட்டால் மொத்தக் கூட்டமும் போய்விடலாம். 14 நாள் தனி இடம் வேண்டும். குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் தொற்றிய குட்டி மூன்று முதல் ஏழு நாள், சில சமயம் இரண்டு வாரம் வரை ஒன்றும் தெரியாமல் விளையாடிக்கொண்டிருக்கும். பிறகு ஒரு நாள் சாப்பாட்டைத் தொடாது, வாந்தி, பின்னாலேயே குடலைப் புரட்டும் நாற்றத்தோடு இரத்தக் கழிச்சல். அன்றைக்கே டிரிப் ஏற்றினால் பிழைக்க வாய்ப்பு உண்டு. வாந்தி நிற்காத குட்டிக்கு வாய் வழியாக இளநீரும் உப்புக் கரைசலும் ஊற்றிக்கொண்டு காலையில் பார்க்கலாம் என்று இருந்தால் காலையில் குட்டி இருக்காது.

இந்த வைரஸ் ஃபினைலுக்குச் சாகாது. வீடு முழுக்க ஃபினைல் மணக்க மணக்கத் துடைத்தும் அடுத்த குட்டியும் அதே நோயில் போவதற்குக் காரணம் அதுதான். பிளீச்சிங் பவுடர் வேலை செய்யும்: 10 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 60 கிராம். முதலில் மலத்தையும் அழுக்கையும் சோப்புத் தண்ணீரால் கழுவித் தள்ள வேண்டும், அழுக்கின் மேல் ஊற்றினால் குளோரின் வீணாகும். கரைசலைப் பத்து நிமிடமாவது தரையில் ஊற விட வேண்டும். திறந்து மாதக்கணக்கில் கிடந்த பொட்டலத்தில் வீரியம் இருக்காது. கழிவறை கழுவும் ஆசிட்டோடு ஒருபோதும் கலக்கக் கூடாது, நச்சு வாயு கிளம்பும். சிமென்ட் தரையை இப்படிச் சுத்தம் செய்துவிடலாம், மண் தரையை முடியாது. மண்ணில் பார்வோ ஓராண்டு வரைகூடத் தங்கும். தனியறைக்கென்று ஒரு செருப்பு, ஒரு கைலி, ஒரு தட்டு வைத்துக்கொண்டு, ஆரோக்கியமான நாய்களைக் கவனித்த பிறகு கடைசியாகத்தான் அங்கே போக வேண்டும்.

வயிற்றுப் பூச்சி மருந்தைக் குட்டிக்கு இரண்டு வார வயதில் தொடங்கி, மூன்று மாதம் வரை பதினைந்து நாளுக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை, எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். பார்வோ உட்படப் பல நோய்களுக்கும் சேர்த்துப் போடும் மல்டி தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை. வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில், அடுத்தது ஓராண்டில். ஒரு ஊசி போட்டதும் குட்டிக்குப் பாதுகாப்பு வந்துவிட்டதென்று தெருவில் இறக்கி விடுவது, தாயின் எதிர்ப்புச் சக்தி குறைந்து ஊசியின் சக்தி இன்னும் ஏறாத இடைவெளியில் அதை மாட்டி விடுவதாகும். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30-ஆம் தேதி புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இருந்த மாதிரி வெள்ளம் தேங்கும் மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலும் சேரும். தேங்கிய தண்ணீரில் நடந்த நாய் காய்ச்சலோடு மஞ்சள் பூத்தால் கையுறை இல்லாமல் அதன் சிறுநீரைத் தொடக் கூடாது, அது மனிதருக்கும் ஒட்டும்.

சொறி நாய்க்குக் கழிவு எஞ்சின் ஆயில் பூசும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை. நாய் அதை நக்கி ஈரலும் சிறுநீரகமும் கெட்டுச் சாகும். மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் கணக்கில்லாமல் கலக்கி ஊற்றுவதும் அப்படியே, குட்டி வலிப்பு வந்து விழும். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் எந்தச் சொறி என்று தெரியும், இரண்டு வகைக்கும் சிகிச்சை வேறு. ஈறு வெளுத்து, மூக்கில் இரத்தம் வந்து, சோர்ந்து கிடந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், இரத்தப் பரிசோதனை செய்து மருத்துவர் தரும் மாத்திரையைச் சுமார் நான்கு வாரம் முழுக்கக் கொடுக்க வேண்டும். ஒரு வாரத்தில் நாய் துள்ளுகிறதே என்று நிறுத்துகிறவர்களால்தான் அது திரும்ப வருகிறது. பிறப்புறுப்பிலிருந்து விடாமல் இரத்தம் சொட்டுகிற நாயைக் கர்ப்பப்பைக் கோளாறு என்று கைகழுவ வேண்டாம். இனச்சேர்க்கையில் பரவும் கட்டியாக இருந்தால், வாரம் ஒரு ஊசி என நான்கு முதல் ஆறு வாரத்தில் பெரும்பாலும் கரைந்துவிடும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது.

எலும்பும் தோலுமாக வந்த நாய்க்கு முதல் நாளே வயிறு முட்டப் போடுவது அன்பில்லை. முதல் நாள் வழக்கமான அளவில் கால் பங்கு, அதையும் நாலைந்து வேளையாக, குழைந்த சோறும் வேகவைத்த எலும்பில்லாக் கோழியும். நாலைந்து நாளில் முழு அளவுக்கு வரலாம். மீந்த பிரியாணி வேண்டாம், அதில் கிடக்கும் வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும், வெந்த கோழி எலும்பு குடலைக் குத்தும்.

கூண்டு நாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாய் இறைச்சி வியாபாரத்திலிருந்து மீட்கும் வேலை நம் ஊரில் இல்லை.  இறைச்சிக்காகப் பண்ணைகளில் நாய் வளர்த்த தென் கொரியாவில் நாடாளுமன்றம் 2024 ஜனவரியில் அதற்குத் தடைச் சட்டம் நிறைவேற்றியது, தண்டனைகள் 2027-இல்தான் நடைமுறைக்கு வருகின்றன. அங்கே பண்ணைக் கூண்டில் வளர்ந்த நாயிடம் காண்கிற அதே குணங்கள் இங்கே இனப்பெருக்கத்துக்கு அடைத்து வைத்த நாயிடமும் இருக்கும், ஏனென்றால் இரண்டுமே கம்பித் தரையைத் தவிர வேறு எதையும் மிதித்ததில்லை. 2017-இன் நாய் இனப்பெருக்க விதிகள் வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது, எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. வெளியே வரும் நாய்களின் தொங்கிய மடியைப் பார்த்தால் யார் அதையெல்லாம் எண்ணினார்கள் என்று தோன்றும்.

இப்படி வந்த நாய்க்கு விரல்கள் விரிந்து பாதம் தட்டையாக இருக்கும். முழங்கையில் காய்ப்பு. படுத்த இடத்திலேயே மலம் கழிக்கும், ஏனென்றால் அதற்கு வேறு இடம் இருந்ததில்லை. படிக்கட்டு தெரியாது, வழவழப்பான டைல்ஸ் தரையில் உறைந்து நிற்கும், கயிறு கட்டினால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். இழுக்கக் கூடாது. ஒரு மூலையில், மூன்று பக்கம் மறைப்போடு, சாக்கு விரித்த இடம் கொடுத்து, சாப்பாட்டை வைத்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தால் போதும். கண்ணைப் பார்ப்பதும் தலைக்கு மேல் கை நீட்டுவதும் அதற்கு மிரட்டல். இதை மனிதரை விட இன்னொரு சாதுவான நாய் சீக்கிரம் சரியாக்கும். அது எங்கே போய்ச் சிறுநீர் கழிக்கிறது, மனிதரிடம் எப்படிப் போகிறது என்று பார்த்தே இது கற்றுக்கொள்ளும். அதனால் கூண்டு நாயை ஏற்கெனவே நாய் இருக்கிற வீட்டுக்குத்தான் கொடுப்பது வழக்கம். மடியில் கட்டி இருக்கிறதா என்று ஒவ்வொரு காம்பாகத் தடவிப் பார்த்து, கருத்தடை, பல் எல்லாம் முடித்த பிறகே வீடு தேட வேண்டும்.

இனி வீடு. இன்று இரவுக்குள் யாராவது எடுக்காவிட்டால் செத்துவிடும் என்று எழுதினால் நூறு பேர் அழைப்பார்கள், அதில் வளர்க்கப் போகிறவர் ஒருவர்கூட இருக்க மாட்டார். வயது, எடை, என்ன ஊசி போட்டிருக்கிறது, என்ன கெட்ட பழக்கம் என்று உள்ளதை எழுதினால் அழைப்பு குறையும், பேசத்தக்கவர் வருவார். தொலைபேசியில் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று மற்ற எல்லாவற்றையும் விட உதவும்: இதற்கு முன் வளர்த்த நாய் என்ன ஆனது? வண்டியில் அடிபட்டது என்றால் கேட் திறந்தே கிடக்கிற வீடு. குட்டியிலேயே வாந்தி பேதியில் போனது என்றால் பார்வோவாக இருக்கலாம், ஊசி முடியாத குட்டியை ஓராண்டுக்கு அங்கே அனுப்பக் கூடாது. ஊருக்குப் போனபோது சொந்தக்காரரிடம் விட்டோம் என்றால் இதுவும் அந்தச் சொந்தக்காரரிடம் போகும். பதினான்கு வயதில் கிழமாகிப் போனது என்று குரல் கம்மிச் சொல்கிறவரிடம் மற்ற கேள்விகளைச் சுருக்கிக்கொள்ளலாம்.

கேட்பவர் கல்லூரிப் பையனாக இருந்தால் வீட்டில் அம்மாவிடம் பேசாமல் கொடுக்கக் கூடாது, சோறு போடப் போவதும் திட்டப் போவதும் அவர்தான். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடமும் பேச வேண்டும். விடுதியில் தங்கிப் படிக்கிறவர்களுக்கு வேண்டாம், படிப்பு முடிந்ததும் நாய் தெருவில் நிற்கும். பைரவருக்காகவோ பரிகாரத்துக்காகவோ முழுக் கறுப்பு நாய் கேட்கிறவர்கள் உண்டு. பரிகாரக் காலம் முடிந்த பிறகு என்ன செய்வீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் பேச்சை மாற்றுவார்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புக் காவலுக்குக் கேட்பவர்களை ஒட்டுமொத்தமாக ஒதுக்க வேண்டியதில்லை. தோப்பிலேயே குடும்பம் தங்கியிருந்தால், வளர்ந்த நாட்டு நாய்க்கு நகரத்து மாடி வீட்டை விட அது நல்ல இடம். பன்றிக்கு மின்வேலி போட்டிருக்கிறார்களா, எலி விஷம் எங்கே வைக்கிறார்கள், நாயைக் கட்டிப் போடுவார்களா என்பதை நேரில் பார்க்க வேண்டும். ஆளில்லாத தோப்பில் இரண்டு மாதக் குட்டியைக் கட்டிவிட்டு வருவது கூடவே கூடாது.

பெட்டைக் குட்டி வேண்டாம் என்கிறவர்களிடம் வாதாடிப் பயனில்லை. ஆறு மாதம் ஆனதும் கருத்தடையை நாங்களே செய்து தருகிறோம், தேதி இது, வண்டியும் நாங்களே அனுப்புகிறோம் என்று எழுதிக் கொடுத்தால் பலர் ஒத்துக்கொள்வார்கள். அவர்கள் பயம் குட்டி போடுமே என்பதுதான். வளர்ந்த நாயைக் கருத்தடை முடிக்காமல் கையளிக்கவே கூடாது.

புதுச்சேரியில் வெளிநாட்டவர் எடுத்துக்கொள்வதும் உண்டு. பிரான்சுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் விசா முடியும் மாதத்தில் யோசித்தால் நடக்காது. முதலில் தோலுக்கடியில் வைக்கும் 15 இலக்க அடையாள மைக்ரோசிப், அதன் பிறகு வெறிநோய்த் தடுப்பூசி. வரிசை மாறினால் அந்த ஊசி செல்லாது. ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து ஐரோப்பிய ஒன்றியம் ஏற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், வெறிநோய் எதிர்ப்புப் பொருளின் அளவு மில்லிலிட்டருக்கு 0.5 IU-க்குக் குறையக் கூடாது. இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஆக மொத்தம் நான்கு மாதத்துக்கு மேல். அந்த நான்கு மாதம் நாயை யார் வைத்திருப்பது என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும்.

நாய்கள் தொலைவது பெரும்பாலும் புது வீட்டுக்குப் போன முதல் சில நாள்களில். கழுத்துப்பட்டையைத் தலை வழியாக உருவிக்கொண்டு பின்வாங்கி ஓடிவிடும். அதனால் கழுத்துப்பட்டை ஒன்று, மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் ஒன்று, இரண்டிலும் தனித்தனிக் கயிறு. பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். தொலைபேசி எண் பொறித்த தகடு கையளிக்கும் முன்பே மாட்டியிருக்க வேண்டும். கேட்டுக்குக் கீழே உள்ள இடைவெளியை அளந்து பார்க்க வேண்டும், தலை நுழைந்தால் குட்டி வெளியே போய்விடும். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் யாருக்கும் நாய் கொடுப்பதில்லை. வெடிக்குப் பயந்து ஓடிவிடும். தீபாவளியாவது ஒரு நாள்தான், ஆனால் நம் ஊரில் சாவு ஊர்வலத்தில் ஆண்டு முழுக்க வெடி வெடிக்கும், அதைப் புது வீட்டாரிடம் சொல்லி வைக்க வேண்டும். தெருவில் பறைச் சத்தம் கேட்டதும் நாயை உள்ளறையில் விட்டு, ஃபேனையும் டிவியையும் போட்டு, கதவைச் சாத்திவிட வேண்டும்.

கையளிக்கும் தாளில் அடையாளச் சான்று நகல், தடுப்பூசி அட்டை, கருத்தடைத் தேதி இருக்க வேண்டும். முக்கியமான வரி இதுதான்: வளர்க்க முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காமல் எங்களிடமே திருப்பித் தர வேண்டும். மூன்றாம் நாள், பத்தாம் நாள், ஒரு மாதம் கழித்து அழைத்துப் பேச வேண்டும். நாய் சாப்பிடவில்லை, கட்டிலுக்கடியிலேயே கிடக்கிறது என்று மூன்றாம் நாள் சொல்வது சகஜம், தண்ணீர் குடித்து மலம் கழிக்கிறதென்றால் காத்திருக்கச் சொல்லலாம். இரண்டாவது மாதம் வாலாட்டிக்கொண்டிருந்த நாய் உறுமுகிறது என்று வரும் அழைப்பைக் கவனமாகக் கேட்க வேண்டும். பெரும்பாலும் அது சாப்பிடும்போது குழந்தை கிண்ணத்தில் கை வைத்ததாக இருக்கும், தனி இடத்தில் சாப்பாடு வைத்தால் சரியாகிவிடும்.

திருப்பித் தருகிறேன் என்று சொல்பவரைத் திட்டக் கூடாது. திட்டினால் அடுத்தவர் சொல்லாமலே ஏதாவதொரு சாலையில் இறக்கி விட்டுவிடுவார். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு நாயை வாங்கிக்கொள்ள வேண்டும். வந்த நாயை மறுபடி இரண்டு மூன்று வாரம் வைத்துப் பார்த்த பிறகே அடுத்த வீடு. திருப்பித் தந்தவர் சொன்ன காரணத்தை அடுத்த வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், அதைக் கேட்டும் வருகிறவருக்கே கொடுக்க வேண்டும்.